சுவிஸில் உணவகமும் கடையும் நடத்தும் எம்மவர்களுக்கு: வேலை நேரத்தை எழுதி வையுங்கள்

அன்புள்ள அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். நான் ஒரு கணக்கு அலுவலகத்தில் சிறு நிறுவனங்களின் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். உணவகங்கள், சாப்பாடு எடுத்துச் செல்லும் கடைகள், பலசரக்குக் கடைகள் என்று எம்மவர்களின் கோப்புகளும் அங்கே நிறைய வரும். உங்களில் பலரை நேரில் தெரியும். தனித்தனியாகச் சொன்னால், "அதெல்லாம் பெரிய இடங்களுக்குத்தான் தங்கச்சி" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். உங்களிடம் வேலை செய்பவர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று ஒவ்வொரு நாளும் எழுதி வையுங்கள். எழுதியது எதுவோ அதையே சம்பளத் தாளிலும் போடுங்கள்.

உணவகங்களைப் பற்றி முதலில் சொல்கிறேன். இந்தத் துறைக்கு நாடு முழுவதற்குமான ஒரு கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. சுருக்கமாக எல்-ஜிஏவி என்பார்கள். ஒரு பக்கம் முதலாளிமார் சங்கங்கள், மறுபக்கம் தொழிற்சங்கங்கள், இரண்டும் பேசி எழுதிய ஒப்பந்தம் அது. "நான் எந்தச் சங்கத்திலும் இல்லையே, எனக்கு எப்படிப் பொருந்தும்?" என்று ஒரு அண்ணை கேட்டார். கூட்டாட்சி அரசு அதைத் துறை முழுவதற்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆறு மேசை போட்டுக் கொத்துரொட்டி விற்கும் கடையாக இருந்தாலும் அதற்குள் வந்துவிடும். வாரத்துக்கு 42 மணித்தியாலம், நிரந்தரமாக நான்கு பேருக்கு மேல் வைத்திராத சிறு கடைக்கு 45. வருடத்தில் ஐந்து வாரம் விடுமுறை, வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு, பதின்மூன்றாவது மாதச் சம்பளம். தொழிற்பயிற்சி எதுவும் முடிக்காத ஒருவருக்கு முழுநேர வேலைக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025இல் 3,706 பிராங். ஜெனீவாவில் கன்டோனே, அதாவது மாநில அரசே, மணித்தியாலத்துக்கு 24.48 பிராங் என்று அதே வருடத்துக்கு வைத்திருக்கிறது. கணக்குப் போட்டால் அது இன்னும் கூட வரும். அங்கே அதுதான் கணக்கு.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் இந்த எண்களை எந்த அளவுகோலில் அளப்பது? அவர் செய்த மணித்தியாலத்தில்தான். அந்த மணித்தியாலம் எங்கேயும் எழுதப்படவில்லை என்றால் நீங்கள் 3,706 கொடுத்தீர்களா, அதற்குக் கீழே கொடுத்தீர்களா என்று உங்களுக்கே தெரியாது.

சமரச விசாரணை ஒன்றுக்கு என்னிடமிருந்த கோப்புகளைக் கொண்டுபோக வேண்டி வந்தது. வேலை செய்தவர் ஒரு சின்னக் கட்டக் கொப்பியை மேசையில் வைத்தார். பள்ளிப் பிள்ளைகள் கணக்குச் செய்யும் கொப்பி. ஓரமெல்லாம் எண்ணெய் ஊறி மஞ்சளாக இருந்தது. ஒவ்வொரு வரியிலும் திகதி, பிறகு "10.15 – 14.30, 17.00 – 23.40". ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட பதினொரு மணித்தியாலம். சில வரிகளின் பக்கத்தில் "பிறந்தநாள் ஓடர்", "இரண்டு பேர் வரவில்லை" என்று தமிழில் குறிப்பு. முதலாளியின் பக்கம் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. "அவன் பொய் எழுதியிருக்கிறான்" என்ற வாய்ச்சொல் மட்டும்தான்.

கூட்டு ஒப்பந்தத்தின் 21ஆவது பிரிவு இதை நேரடியாகவே சொல்கிறது. நேரத்தைப் பதிவு செய்வது முதலாளியின் பொறுப்பு. மாதம் ஒரு தடவையாவது அதில் ஊழியர் கையெழுத்திட வேண்டும். முதலாளி பதியாமல் விட்டால், தகராறு வரும்போது ஊழியர் தானே எழுதி வைத்த குறிப்பு சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். அந்தக் கொப்பிக்கு அன்றைக்கு அவ்வளவு பலம் இருந்தது அதனால்தான். கூடுதல் வேலை நேரத்துக்கும் அப்படியே. ஒழுங்காகப் பதிந்து, மாதா மாதம் மிச்சக் கணக்கை எழுத்தில் கொடுத்து, கடைசிச் சம்பளத்தோடாவது தீர்த்திருந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு மணித்தியாலச் சம்பளம். இல்லையென்றால் 125 வீதம். எழுதாமல் விட்டதற்கே கால்பங்கு கூடுதலாகக் கட்ட வேண்டும்.

அந்த விசாரணையில் இரண்டு பேரும் ஒரே ஊர். அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. முதலாளி நல்ல மனிதர். அந்தத் தம்பிக்கு அறை எடுத்துக் கொடுத்தவர், பல்வலி வந்தபோது தன் காசில் வைத்தியரிடம் கூட்டிப் போனவர். அவர் ஏமாற்ற நினைத்தார் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். "எழுத்து என்னத்துக்கு, நாங்கள் ஒரே ஊர் ஆக்கள்தானே" என்று நினைத்தார், அவ்வளவுதான். கடையில் கூட்டம் குறைந்து, சம்பளம் பிந்தி, ஒருநாள் வாய்ப்பேச்சு முற்றியபோது கொடுத்ததும் வாங்கியதும் எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் இரண்டு கணக்கு. எழுதியிருந்தால் அங்கே பேசித் தீர்க்க ஏதாவது இருந்திருக்கும்.

மதிய இடைவேளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குசினியில் சிம்மர்ஸ்டுண்ட என்று சொல்வோமே, அந்த இரண்டரை மணித்தியாலம். அதில் அவர் வெளியே போய்வரலாம், படுக்கலாம் என்றால் அது வேலை நேரம் இல்லை. ஆனால் கதிரையில் உட்கார்ந்து பின்னேரத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால், சாமான் வண்டி வரும் என்று காத்திருந்தால், அது வேலைதான். பதிவிலும் அப்படித்தான் வர வேண்டும்.

அடுத்தது, அரைநேரத் தாளும் முழுநேர வேலையும். உங்களில் எல்லோரும் இதைச் செய்வதில்லை என்று தெரியும். செய்பவர்கள் இருக்கிறார்கள் என்றும் தெரியும். ஒப்பந்தத்தில் 50 வீதம், குசினியில் வாரம் ஆறு நாள், மிச்சம் கையில் காசு. ஏஎச்வி என்ற அரச முதியோர் காப்புறுதிப் பங்கு, வேலையிழப்புக் காப்புறுதி, பென்சன்காசு என்ற தொழில்வழி ஓய்வூதிய நிதி எல்லாம் பாதிக்குத்தான் போகிறது. இரண்டு பக்கத்துக்கும் லாபம் என்ற நினைப்பு.

ஒரு தம்பியின் கையில் கொதி எண்ணெய் கொட்டியது. தாளில் அவர் சம்பளம் 1,900 பிராங். விபத்துக் காப்புறுதி மூன்றாம் நாளிலிருந்து காப்புறுதி செய்த சம்பளத்தில் 80 வீதம் கொடுக்கும். கடிதம் வந்தது: மாதத்துக்கு ஏறத்தாழ 1,520. வாடகையும் மருத்துவக் காப்புறுதியும் கட்டினால் முடிந்துவிடும். கட்டுப் போட்ட கையோடு வந்து, "அக்கா, நான் ஆறு நாள் வேலை செய்தனான், இவை ஏன் அரைவாசி போட்டிருக்கினம்?" என்று கேட்டார். காப்புறுதிக்காரர் அவரை ஏமாற்றவில்லை. அவர்களுக்குத் தெரிந்த சம்பளத்தில்தான் கணக்குப் போட்டார்கள். நாங்கள்தான் அந்தத் தம்பியைப் பாதி ஆளாகப் பதிந்து வைத்திருந்தோம்.

விபத்து மட்டும் இல்லை. வேலை போனால் கிடைக்கும் தொகையும் தாளில் உள்ள சம்பளத்தில் 70 அல்லது 80 வீதம்தான். ஓய்வூதியமும் தாளை வைத்துத்தான். பென்சன்காசு தொடங்குவதற்கு வருடச் சம்பளம் ஒரு எல்லையைத் தாண்ட வேண்டும், 2025இல் அது 22,680 பிராங். தாளில் சம்பளத்தை இன்னும் குறைத்துக் காட்டினால் அந்த வாசலுக்கே வர முடியாது. அனுமதிப் பத்திரம் மாற்றவும் குடும்பத்தை அழைக்கவும் அதிகாரிகள் கேட்பது சம்பளத் தாளைத்தான். மனைவியும் பிள்ளைகளும் இன்னும் ஊரில் இருக்கிற ஒருவருக்கு, தாளில் இல்லாத அந்த மிச்சப் பாதி எத்தனை வருடப் பிரிவு என்று யோசித்துப் பாருங்கள்.

"அவனேதான் காசாகக் கேட்டவன்" என்று சொல்வீர்கள். உண்மையாகவே சிலர் கேட்கிறார்கள். மூலத்தில், அதாவது சம்பளத்திலேயே, வரி வெட்டக்கூடாது, சமூகநல உதவி குறையக்கூடாது என்று அவர்களுக்கும் ஒரு கணக்கு. ஆனால் அவர் சம்மதித்தார் என்பது உங்களைக் காப்பாற்றாது. சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 341ஆவது பிரிவின்படி, வேலை செய்யும் காலத்திலும் அது முடிந்து ஒரு மாதம் வரையிலும், சட்டமும் கூட்டு ஒப்பந்தமும் கட்டாயமாகக் கொடுத்த உரிமையை ஊழியர் விட்டுக்கொடுக்க முடியாது. "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று அவர் கையெழுத்திட்ட தாள் உங்கள் லாச்சியில் இருந்தாலும் அதற்குப் பெறுமதி இல்லை. சம்பளப் பாக்கியை ஐந்து வருடம் வரைக்கும் கேட்கலாம். தொழில் வழக்கில் 30,000 பிராங் வரைக்கும் நீதிமன்றக் கட்டணமும் கிடையாது. இன்றைக்குத் தலையாட்டுகிற தம்பி, நாளைக்கு ஒரு சட்ட ஆலோசகரின் முன் உட்கார்ந்தால் இதையெல்லாம் அரை மணித்தியாலத்தில் தெரிந்துகொள்வார். தெரிந்துகொள்ளவும் வேண்டும்.

இன்னொன்று, உங்களில் பலர் கவனிக்காதது. கடையை மனைவியின் பெயரிலோ மகளின் பெயரிலோ ஜிஎம்பிஎச் என்ற வரையறுத்த பொறுப்புக் கம்பனியாகப் பதிந்து வைத்திருக்கிறீர்கள். கம்பனி விழுந்தாலும் வீடு தப்பும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏஎச்வி விஷயத்தில் அது அப்படியே உண்மை இல்லை. வேண்டுமென்றோ கடும் அலட்சியத்தாலோ பங்கு கட்டாமல் விட்டு, கம்பனியிடமும் அறவிட முடியாமல் போனால், நிர்வாகிகளிடமும் உண்மையில் நிர்வாகம் செய்தவரிடமும் சொந்தப் பணத்திலிருந்து கேட்க ஏஎச்விச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. ஊழியரின் சம்பளத்தில் வெட்டிய பங்கைக் கட்டாமல் வேறெதற்கும் பயன்படுத்தினால் அது தண்டனைக்குரிய குற்றம். படித்துக்கொண்டிருக்கும் மகளின் பெயரை வர்த்தகப் பதிவேட்டில் போடும்போது இந்தச் சுமையையும் சேர்த்துத்தான் அவள் தலையில் வைக்கிறீர்கள். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?

உறவுக்காரரை வைத்து வேலை செய்விப்பவர்களுக்கு: கடை நடத்துபவரின் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் வழி வந்தவர்கள், இவர்களுக்கு மட்டுமே கூட்டு ஒப்பந்தம் விலக்குக் கொடுக்கிறது. மச்சான், பெறாமகன், சித்தப்பாவின் மகன், இவர்கள் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. "வீட்டு ஆள்தானே" என்று சனி ஞாயிறு கூப்பிடுகிற மச்சானும் ஊழியர்தான். அவருக்கும் நேரப் பதிவு உண்டு, விபத்துக் காப்புறுதியும் முதல் நாளிலிருந்தே உண்டு. சட்டத்தில் விலக்கு இருக்கிறதே என்று மனைவிக்குச் சம்பளமே போடாமல் விடுபவர்களைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம். இருபது வருடம் அடுப்படியில் நின்ற அக்காவின் பெயரில் ஒரு மாதச் சம்பளம்கூட இல்லாத கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். மன்னியுங்கள், அதைச் சொல்லாமல் கடந்துபோக முடியவில்லை.

நோய் விடுப்புக்கு வருகிறேன். பதிலாள் கிடைக்காத சனிக்கிழமையில் ஒருவர் காய்ச்சல் என்றால் உங்களுக்கு எவ்வளவு கடினம் என்று தெரியும். அதற்காகத்தான் உணவகங்களுக்குக் கூட்டு ஒப்பந்தம் கேட்கும் நோய் நாட்கூலிக் காப்புறுதி. 900 நாட்களுக்குள் 720 நாள் வரைக்கும் சம்பளத்தின் 80 வீதத்தை அது கொடுக்கும். கட்டணத்தில் பாதி வரைக்கும் ஊழியரிடம் எடுக்கலாம். காப்புறுதி தொடங்கும்வரையுள்ள காத்திருப்பு நாட்களில் 88 வீதம் நீங்கள் கொடுக்க வேண்டும். அது 60 நாளுக்கு மேல் போகக்கூடாது. காப்புறுதியே எடுக்காமல் விட்டால், அது கொடுத்திருக்கும் தொகை முழுவதும் உங்கள் கல்லாப்பெட்டியிலிருந்துதான் போகும். அப்புறம், நோயில் இருப்பவரை வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். பரீட்சார்த்த காலம் முடிந்த பிறகு, முதலாம் வருடத்தில் 30 நாள், இரண்டாம் வருடத்திலிருந்து ஐந்தாம் வருடம் வரை 90 நாள், ஆறாம் வருடத்திலிருந்து 180 நாள், அந்தக் காலத்துக்குள் கொடுக்கும் நீக்கக் கடிதம் செல்லாது. கர்ப்பிணிக்கு முழுக் கர்ப்பகாலமும், பிள்ளை பிறந்து 16 வாரமும் பாதுகாப்பு. வாட்ஸ்அப்பில் "நாளைக்கு வர வேண்டாம்" என்று குரல்பதிவு அனுப்பிவிட்டு விஷயம் முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

சாப்பாடும் அறையும் கொடுக்கிறோம் என்று சம்பளத்தில் மனதுக்கு வந்த தொகையைக் கழிப்பதையும் பார்க்கிறேன். சமூகக் காப்புறுதிக் கணக்கில் ஒரு நாளின் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு 21.50 பிராங், தங்குமிடத்துக்கு 11.50. மாதத்துக்கு இரண்டும் சேர்த்து 990. கடைக்கு மேலே மூன்று பேர் படுக்கும் ஒரு அறைக்கு ஆளுக்கு 900 பிராங் என்று கழித்துவிட்டு "கட்டுப்படியாகவில்லை" என்றால் யார் ஏற்றுக்கொள்வார்கள்? எவ்வளவு கழிப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், சம்பளத் தாளில் தனி வரியாகக் காட்டுங்கள்.

பலசரக்குக் கடைக்காரர்களுக்குக் கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் இருக்கலாம். கடப்பாட்டுச் சட்டமும் தொழிற்சட்டமும் உங்களுக்கும்தான். சிறு கடைக்கு வார உச்சம் 50 மணித்தியாலம். வேலை தொடங்கி ஒரு மாதத்துக்குள் சம்பளம், வேலை நேரம், பணி என்ன என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். நேரப் பதிவுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். சில கன்டோன்களில் குறைந்தபட்சச் சம்பளமும் உண்டு. நொய்ஷாத்தல், ஜூரா, ஜெனீவா, திச்சினோ, பாசல் நகரம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

கட்டுப்படியாகாது என்ற பேச்சை நான் அலட்சியப்படுத்தவில்லை. உங்கள் வரவு செலவை மாதா மாதம் பார்ப்பவள் நான். வாடகை எவ்வளவு, எண்ணெய் விலை எவ்வளவு, பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை திறந்து கொத்தை இரண்டு பிராங் குறைத்து விற்றால் உங்கள் கல்லா என்னாகும், எல்லாம் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்துக் கடை எப்படிக் குறைத்து விற்கிறது? பெரும்பாலும் ஆளின் நேரத்தைக் கணக்கில் காட்டாமல்தான். நீங்களும் அதே வழியில் இறங்கினால் அடுத்த தெருவில் மூன்றாவது ஆள் இன்னும் இறங்குவார். ஒழுங்காக நடத்த நினைப்பவரை எங்கள் ஆட்களே நெரிக்கிறார்கள். சட்டப்படி நடத்துவதால் விலை கூடுகிறதென்றால், எல்லோரும் சேர்ந்து கூட்டுங்கள். சுவிஸ்காரர் பிட்சாவுக்குக் கொடுக்கிற காசை எங்கள் சாப்பாட்டுக்கு ஏன் கொடுக்க மாட்டார்கள்? வர்த்தகர் சங்கக் கூட்டங்களில் பேச வேண்டிய விஷயம் இது.

உங்களில் மூத்தவர்கள் பலர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த நாட்டு உணவகக் குசினிகளில் கோப்பை கழுவித்தான் காலூன்றினீர்கள். மொழி தெரியாது, ஆள் தெரியாது. ஆனாலும் மாத முடிவில் சம்பளத் தாள் ஒன்று கையில் வந்தது. அந்தத் தாளைக் காட்டித்தான் வீடு எடுத்தீர்கள், அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பித்தீர்கள், கடை போட வங்கியின் வாசலுக்குப் போனீர்கள். இன்றைக்கு உங்கள் குசினியில் நிற்கிற பொடியனுக்கும் அதே தாள் வேண்டும். அதில் இருக்கிற எண் உண்மையாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. கூட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டு அலுவலகம் பாசலில் இருக்கிறது. மாதிரி ஒப்பந்தம், நேரப் பதிவுப் படிவம் எல்லாம் அவர்களின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். படிவத்தை அச்சடித்துக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டுங்கள், பக்கத்தில் ஒரு பேனையை நூலில் கட்டிவிடுங்கள். வருபவர் வந்த நேரத்தைத் தன் கையாலேயே எழுதட்டும். மாதக் கடைசியில் இரண்டு பேரும் கையெழுத்திட்டு, அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். வேலை அட்டவணையை இரண்டு வாரம் முந்திப் போடுங்கள். ஆள் எடுக்கும்போதே அவர் அனுமதிப் பத்திரத்தைப் பார்த்துப் பிரதி எடுங்கள். தற்காலிகமாக ஏற்கப்பட்டவர்களுக்கான எஃப் பத்திரம் உள்ளவருக்கு 2019 முதல் வேலை அனுமதி எடுக்கத் தேவையில்லை, பதிவறிவித்தல் போதும். மூலத்தில் வரி வெட்ட வேண்டியவர் என்றால் எட்டு நாளுக்குள் வரி அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

நீங்களும் ஊழியரும் வருடா வருடம் கூட்டு ஒப்பந்தத்துக்குக் கட்டும் பங்கு சும்மா போவதில்லை. அதிலிருந்துதான் புரோகிரெஸ்ஸோ என்ற ஐந்து வாரப் பயிற்சிக்குப் பணம் போகிறது. தொழில் படிக்காமல் வேலைக்கு வந்தவர்களுக்கான பயிற்சி அது. அதற்கு அனுப்பும் நாட்களின் சம்பளத்துக்கும் முதலாளிக்கு ஈடு கிடைக்கும். எம்மவர் கடைகளிலிருந்து யாராவது போனதாக நான் இன்னும் கேள்விப்படவில்லை. கட்டிய காசு உங்களுடையது, அனுப்புங்கள்.

கடந்த வருடங்களின் கணக்கு நேராக இல்லாதவர்களுக்கு: பயந்து இன்னும் ஆழமாக மறைக்காதீர்கள். ஏஎச்வி அலுவலகம் சாதாரணமாக ஐந்து வருடத்துக்குள்ளான பங்கைப் பின்னோக்கிக் கேட்கலாம். பிந்தியதற்கு 5 வீத வட்டியும் உண்டு. கட்டுப்பாட்டு அதிகாரி கண்டுபிடிப்பதும் நீங்களே போய்த் திருத்தித் தருவதும் ஒன்றல்ல. தவணையாகக் கட்டவும் கேட்கலாம். உங்கள் கணக்காளரிடம் உண்மையைச் சொல்லுங்கள். சொன்னால்தான் எங்களால் உதவ முடியும். "இதை மட்டும் பார்க்காமல் விடுங்கோ" என்று என்னிடம் யாரும் இனிமேல் கேட்க வேண்டாம். கேட்டால் முடியாது என்றுதான் சொல்வேன்.

வருடச் சம்பள அறிக்கையை ஏஎச்வி அலுவலகத்துக்கு ஜனவரி 30ஆம் திகதிக்குள் அனுப்ப வேண்டும். இந்த முறை அதை நிரப்பும்போது, ஆறு நாள் நின்றவரை ஆறு நாள் நின்றவராகவே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பளக் கணக்குப் பார்க்கும் தங்கை ஒருத்தி